எழுத்தாளரும் என் அயலார்தான்: கிறிஸ்தவராகப் புத்தகம் வாசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மரணத்தை எதிர்பார்த்து ரோமச் சிறையில் இருந்த பவுல், தீமோத்தேயுவிடம் சில பொருட்களைக் கொண்டுவரச் சொல்கிறார். துரோவாவில் விட்டுவந்த மேலங்கி ஒன்று. மற்றவை புத்தகங்கள், "விசேஷமாய்த் தோற்சுருள்களையும்" (2 தீமோத்தேயு 4:13). மாரிகாலத்துக்கு முன்னே வந்துசேர் என்றும் எழுதுகிறார். குளிருக்கு ஒரு துணி, வாசிக்கச் சில சுருள்கள். சாகப்போகிறவருக்கு வாசிப்பு எதற்கு என்று அவர் நினைக்கவில்லை.

அவர் வேதச்சுருள்களை மட்டும் வாசித்தவரும் அல்ல. அத்தேனே பட்டணத்தில் நின்று, "நாம் அவருடைய சந்ததியார்" என்று கிரேக்கப் புலவர் அராத்துவின் வரியை எடுத்துச் சொன்னார் (அப்போஸ்தலர் 17:28). "ஆகாத சம்பாஷணைகள் நல்லொழுக்கங்களைக் கெடுக்கும்" என்று நாம் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த வசனம் (1 கொரிந்தியர் 15:33) மெனாந்தர் என்ற நாடக ஆசிரியரின் வரியாக அறியப்பட்டது. பிறர் எழுதியதை நினைவில் வைத்து, இடமறிந்து எடுக்கும் அளவுக்கு அவர் வாசித்திருந்தார்.

நம் சபைகளில் இதைப் பற்றி இரண்டு குரல்கள் கேட்கின்றன. "வேதாகமம் இருக்க மற்றதெல்லாம் எதற்கு?" என்பது ஒன்று. "படிப்பு வேறு, பக்தி வேறு, எதையும் படிக்கலாம்" என்பது மற்றது. இரண்டிலும் எனக்குச் சம்மதமில்லை. பல வருடம் யோசித்து நான் வந்து நின்ற இடம் ஒன்பதாம் கட்டளை: "பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக." புத்தகத்தை எழுதியவர் எனக்கு அயலார். அவர் சொல்லாததைச் சொன்னார் என்றோ, சொன்னதைச் சொல்லவில்லை என்றோ நான் சாதித்தால் அது பொய்ச்சாட்சி. அவர் சொன்னது தவறாக இருந்தும் சரி என்று தலையாட்டினால் அதுவும் பொய்ச்சாட்சிதான். கீழே வரும் படிகள் எல்லாம் இந்தக் கட்டளையை வாசிப்பு மேசைக்குக் கொண்டுவரும் முயற்சி.

முதல் படி: அளவுகோலைக் கையில் வைத்திருங்கள்

வேதாகமத்தைத் தொடர்ந்து வாசிக்காதவர் மற்றப் புத்தகங்களைக் "கிறிஸ்தவப் பார்வையில்" வாசிக்க முடியாது. அவரிடம் இருப்பது கிறிஸ்தவப் பழக்கவழக்கம் மட்டுமே. 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு அதிகாரம் வாசித்தால் ஒரு வருடத்தில் முடிந்துவிடும். (கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் புத்தகங்கள் 73, இன்னும் சில வாரம் கூடும்.) சங்கீதமும் சுவிசேஷமும் மட்டும் போதும் என்று நின்றுவிடாதீர்கள். தீர்க்கதரிசிகளையும் பிரசங்கியையும் யோபுவையும் வாசித்தவருக்குத்தான் துயரத்தைப் பற்றிய ஒரு நாவலோ, நீதியைப் பற்றிய ஒரு கட்டுரையோ எந்த இடத்தில் வேதத்தோடு பேசுகிறது என்பது புலப்படும்.

இரண்டாம் படி: எதை எடுப்பது, எதை விடுவது

எபேசுவில் மாயவித்தைப் புத்தகங்கள் எரிக்கப்பட்டதை மேற்கோள் காட்டித்தான் நம் வீடுகளில் பிள்ளைகள் கையிலிருந்து கதைப்புத்தகம் பிடுங்கப்படுகிறது. அந்த வசனத்தை மெதுவாக வாசியுங்கள். "அநேகர் தங்கள் புஸ்தகங்களைக் கொண்டுவந்து" எரித்தார்கள் (அப்போஸ்தலர் 19:19). தங்கள் புத்தகங்களை. கிரயம் 50,000 வெள்ளிக்காசு. பக்கத்து வீட்டுப் புத்தகத்தையோ நூலகத்தையோ யாரும் கொளுத்தவில்லை. தாங்கள் பிழைப்பு நடத்திவந்த மந்திரச் சுருள்களை, மனந்திரும்பியவர்களே கொண்டுவந்தார்கள்.

ஆகையால் தெரிவு முதலில் என் மனச்சாட்சியைப் பற்றியது. "எல்லாவற்றையும் அநுபவிக்க எனக்கு அதிகாரமுண்டு, ஆகிலும் எல்லாம் தகுதியாயிராது" (1 கொரிந்தியர் 10:23). குடியை விட்டு மீண்டுவந்த ஒருவர், குடியைக் கொண்டாடும் எழுத்தை ஒதுக்கிவைப்பது கோழைத்தனம் அல்ல. இச்சையைத் தூண்டுவதற்கென்றே எழுதப்பட்டதை எவரும் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. மற்றபடி, ஒருவருக்கு இடறலாக இருப்பது இன்னொருவருக்கு வெறும் எழுத்தாக இருக்கலாம். சிலைக்குப் படைத்த இறைச்சியைப் பற்றிப் பவுல் எழுதிய 1 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தை ஒருமுறை புத்தகத்தை மனதில் வைத்து வாசித்துப் பாருங்கள், வழி தெரியும். வாசிக்கிறவர் வாசிக்காதவரை ஏளனம் செய்யக் கூடாது, வாசிக்காதவர் வாசிக்கிறவரைக் குற்றவாளியாகத் தீர்க்கக் கூடாது.

மூன்றாம் படி: முதல் வாசிப்பில் பதில் சொல்லாதீர்கள்

இதுதான் மிகக் கடினமான படி. பெரும்பாலோர் தவறுவதும் இங்கேதான். "காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுகிறவனுக்கு, அது புத்தியீனமும் வெட்கமுமாயிருக்கும்" (நீதிமொழிகள் 18:13). இளமையில் ஒரு நாத்திக நூலை முதல் இருபது பக்கத்தோடு மூடிவைத்துவிட்டு, அதை மறுத்து வாலிபர் கூட்டத்தில் அரைமணி நேரம் பேசினேன். பல வருடம் கழித்து முழுவதும் வாசித்தபோது, நான் மறுத்ததை அவர் எங்குமே சொல்லவில்லை என்று தெரிந்தது. அன்று அதைக் கேட்ட இருபது பேரிடம் ஒரு மனிதரைப் பற்றிப் பொய் சொல்லியிருந்தேன்.

ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு 1706ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர். விக்கிரக வழிபாட்டைக் கடுமையாக எதிர்த்தவர். அதில் ஒளிவுமறைவே இல்லை. ஆனாலும் இரண்டே வருடத்தில் தமிழ்ச் சுவடிகளைத் தேடிச் சேர்த்து, வாசித்து, ஒவ்வொன்றும் எதைப் பற்றியது என்று 1708ல் ஒரு பட்டியல் எழுதினார். கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் நீதிவெண்பாவையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். 1713ல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றை எழுதி அனுப்பியபோது ஐரோப்பாவில் அதை அச்சிட ஆளில்லை. 1867ல்தான், அதுவும் சென்னையில், அது அச்சேறியது. தாம் ஏற்காத ஒன்றைக்கூட, அதை நம்புகிறவர்களின் நூல்களிலிருந்தும் வாய்மொழியிலிருந்தும் அறிந்து எழுதவேண்டும் என்று அவர் உழைத்தார். அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் நாம் ஏற்கவேண்டியதில்லை. அந்த உழைப்பு நமக்கு வேண்டும்.

செய்முறை எளிது. ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பென்சில். முதல் வாசிப்பில் கோடு மட்டும் போடுங்கள். ஓரத்தில் மறுப்பு எழுதாதீர்கள். அதிகாரம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, ஆசிரியர் சொன்னதை நாலு வரியில் உங்கள் சொல்லில் எழுதுங்கள். பிறகு ஒரு சோதனை: ஆசிரியர் எதிரில் உட்கார்ந்து அந்த நாலு வரியை வாசித்தால், "ஆமாம், நான் சொன்னது இதைத்தான்" என்பாரா? தயக்கமாக இருந்தால் மறுபடி வாசியுங்கள். அவர் வாயால் அந்த ஆமாம் வருமளவும் அடுத்த படிக்குப் போகவேண்டாம்.

நான்காம் படி: நான்கு கேள்விகள்

வேதாகமத்தின் நீண்ட கதை நான்கு கட்டமாக நகர்கிறது: படைப்பு, விழுகை, மீட்பு, புதிய வானம் புதிய பூமி. எந்தப் புத்தகமும் இந்த நான்கில் ஒன்றிரண்டைப் பற்றியாவது வெளிப்படையாகவோ மறைவாகவோ பேசாமல் இருக்காது. ஆகவே கேளுங்கள். இந்தப் புத்தகத்தின்படி மனிதர் யார்? உலகத்தில் கோளாறு எங்கே இருக்கிறது? அதை யார், எது சரிசெய்யும்? கடைசியில் எல்லாம் எங்கே போய்ச் சேரும்?

நமக்கு நன்றாகத் தெரிந்த திருக்குறளிலேயே செய்து பார்ப்போம்.

"இன்னாசெய் தாரை ஒறுத்தல் அவர்நாண
நன்னயம் செய்து விடல்" (314).

இதைக் கேட்டதும் தமிழ்க் கிறிஸ்தவருக்கு ரோமர் 12:20 நினைவுக்கு வரும்: "உன் சத்துரு பசியாயிருந்தால், அவனுக்குப் போஜனங்கொடு." நன்மை பெற்ற பகைவன் நாணுவான் என்கிறார் வள்ளுவர், அவன் தலையின்மேல் அக்கினித்தழல் குவியும் என்கிறார் பவுல். எவ்வளவு நெருக்கம்! இந்த நெருக்கத்தைக் கண்டு ஜி. யு. போப், 1886ல் வெளியிட்ட தம் ஆங்கில மொழிபெயர்ப்பின் முன்னுரையில், மயிலாப்பூரில் கிறிஸ்தவப் போதனை வள்ளுவருக்குக் கிடைத்திருக்கும் என்ற கருத்தை முன்வைத்தார். குறளை உயிராக நேசித்தவர் அவர். ஆனால் அதற்குச் சான்று இல்லை. நல்லது எங்கே கண்டாலும் அது நம்மிடமிருந்துதான் போயிருக்கும் என்று உரிமை கொண்டாடுவதும் அயலாரின் பொருளை எடுத்துக்கொள்வதே.

கேள்விகளுக்கு வருவோம். ஏன் பகைவனுக்கு நன்மை செய்யவேண்டும்? பிறர்க்கு இன்னா செய்யாமை "மாசற்றார் கோள்" என்கிறது அதே அதிகாரத்தின் முதற்குறள். மாசில்லாத மனத்தின் இயல்பு அது. பவுலுக்கோ அதற்கு முந்தின வசனம் அடித்தளம்: "பழிவாங்குதல் எனக்குரியது" என்கிறார் கர்த்தர், ஆகவே நீ வாங்காதே. அதற்கும் பின்னால் ரோமர் 5:10 நிற்கிறது: நாம் சத்துருக்களாயிருக்கையில் தேவகுமாரனின் மரணத்தினால் ஒப்புரவாக்கப்பட்டோம். செயல் ஒன்று, வேர் வேறு. மாசற்ற மனம் எனக்கு எங்கிருந்து வரும் என்ற மூன்றாவது கேள்வியில்தான் இரு வழிகளும் பிரிகின்றன. "ஊழிற் பெருவலி யாவுள" (380) என்று ஓரிடத்திலும், "முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்" (619) என்று இன்னோரிடத்திலும் குறள் பேசுகிறது. கிருபை என்று நாம் அறிந்திருப்பது இந்த இரண்டுமல்லாத மூன்றாவது ஒன்று.

இப்படி வாசித்தபின் குறளின்மேல் எனக்கு மதிப்பு கூடத்தான் செய்தது. பகைவனுக்கு நன்மை செய்யத் தேவன் என்னிடம் கேட்கிறார். அதைச் செய்யாத என்னை வள்ளுவரும் சேர்ந்து கண்டிக்கிறார்.

எகிப்தைவிட்டுப் புறப்பட்ட இஸ்ரவேலர் எகிப்தியரின் பொன்னையும் வெள்ளியையும் வாங்கிச் சென்றதை (யாத்திராகமம் 12:35-36) பழங்காலச் சபைப்பிதா அகுஸ்தீன் இதற்கு உவமையாக்கினார். பிறர் நூல்களில் உள்ள உண்மையும் கர்த்தரின் சுரங்கத்தில் வெட்டிய பொன்தான், அதை எடுத்து நல்ல வேலைக்குப் பயன்படுத்தலாம் என்றார். நான் அதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன்: அந்தப் பொன்னிலிருந்துதான் ஆசரிப்புக் கூடாரத்தின் பணிமுட்டுகளும் வந்தன, அவர்கள் வணங்கிய பொன் கன்றுக்குட்டியும் வந்தது. நம் ஊரில் இதற்கு அழகான சாட்சி ஹென்றி ஆல்பர்ட் கிருஷ்ண பிள்ளை. வைணவக் குடும்பத்தில் பிறந்து கம்பனில் ஊறியவர். 1858ல் ஞானஸ்நானம் பெற்றபின் கம்பனைக் கிணற்றில் போடவில்லை. கம்பனிடம் கற்ற காவிய நடையிலேயே ஒரு கிறிஸ்தவப் பயணியின் பாதையை 1894ல் இரட்சணிய யாத்திரிகமாகப் பாடிவைத்தார்.

ஐந்தாம் படி: கதையை வாசிக்கும்போது உங்களையும் கவனியுங்கள்

கதைக்கு நான்கு கேள்விகள் மட்டும் போதாது. கட்டுரை வாசலில் நின்று அனுமதி கேட்கும். கதையோ நாம் அறியுமுன் உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். தாவீதிடம் நாத்தான் தீர்க்கதரிசி கட்டளையை வாசித்துக் காட்டவில்லை. ஓர் ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பற்றிக் கதை சொன்னார். ராஜா கொதித்தெழுந்து தீர்ப்புச் சொல்லிவிட்ட பிறகே, "நீயே அந்த மனுஷன்" (2 சாமுவேல் 12:7).

"இந்த நாவலில் கெட்ட விஷயம் வருகிறதா?" என்று மட்டும் கேட்பவர் நியாயாதிபதிகள் 19ஆம் அதிகாரத்தை வாசிக்கவே முடியாது. வேதம் கொலையையும் விபசாரத்தையும் மூடிமறைக்கவில்லை. கேட்கவேண்டியது வேறு: இந்தக் கதை என் ஆசையை எந்தப் பக்கம் இழுக்கிறது? யாருக்காக நான் கண்ணீர் விட்டேன்? யார் செத்தபோது எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது? பள்ளிப் பருவத்தில் ரோமப் புலவர் வெர்கிலின் காவியத்தில் ராணி டைடோ இறந்ததற்காக அழுததையும், தேவனைவிட்டு விலகிச் செத்துக்கொண்டிருந்த தமக்காக அழாததையும் அகுஸ்தீன் வேதனையோடு அறிக்கையிடுகிறார். வெர்கிலின் வரிகளையோ அவர் பிற்காலத்திலும் விடவில்லை. 'தேவனுடைய நகரம்' என்ற தம் பெரிய நூலில் எத்தனையோ இடங்களில் எடுத்தாண்டு வாதிடுகிறார்.

நாவல் முடிந்ததும் நோட்டில் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள்: இந்தக் கதையில் நான் யார்? பெரும்பாலும் முதலில் நல்லவரின் பெயரை எழுதுவோம். ஒரு நாள் விட்டு மறுபடி எழுதுங்கள்.

ஆறாம் படி: நம்மைக் குற்றஞ்சாட்டும் புத்தகம்

இங்கே கொஞ்சம் நின்று பேசவேண்டும். பாமாவின் 'கருக்கு' 1992ல் வந்தது. தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, ஏழைகளுக்குத் தொண்டு செய்யலாம் என்று கன்னியர் மடத்தில் சேர்ந்து, அங்கே கண்ட சாதியையும் சொகுசையும் தாங்காமல் வெளியே வந்த பெண்ணின் தன்வரலாறு அது. பேச்சுத்தமிழில், சுற்றிவளைக்காமல் எழுதப்பட்டது. இப்படி ஒரு புத்தகம் கைக்கு வரும்போது கிறிஸ்தவ வாசகரிடம் உடனே மூன்று பதில்கள் எழும். "எங்கள் சபையில் அப்படியில்லை." "அது கத்தோலிக்கர் பிரச்சினை." "கசப்பில் எழுதியிருக்கிறார்." மூன்றும் வாசிக்காமல் தப்பிக்கும் வழிகள். மூன்றாம் படியை இங்கேதான் முழு வலிமையோடு கடைப்பிடிக்கவேண்டும்.

கருக்கு என்றால் பனைமட்டையின் ரம்பப் பல் போன்ற ஓரம். நம் பழைய திருப்புதலை, அதாவது பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பை, வாசித்தவர்களுக்கு அந்தச் சொல் இன்னோரிடத்திலும் பழக்கம்: தேவனுடைய வார்த்தை "இருபுறமும் கருக்குள்ள எந்தப் பட்டயத்திலும் கருக்கானதாயும்" இருக்கிறது (எபிரெயர் 4:12). அந்தப் பட்டயம் பிறரை வெட்டத்தான் என்று நினைத்து எத்தனை வருடம் அதைப் பிரசங்கித்திருக்கிறோம்! ஒரே கர்த்தரின் பந்தியில் பங்குபெற்றவர்களைக் கல்லறைத் தோட்டத்தில் சுவர் வைத்துப் பிரித்த வரலாறு தமிழ்நாட்டுத் திருச்சபைக்கு உண்டு. அதைப் புத்தகத்தில் ஒருவர் எழுதினால் அது விசுவாசத்துக்கு எதிரான தாக்குதல் ஆகிவிடாது. ஆமோஸ் பெத்தேலில் பேசியபோது ஆசாரியனாகிய அமத்சியா, "தேசம் அவன் வார்த்தைகளையெல்லாம் சகிக்கமாட்டாது" என்றுதான் ராஜாவுக்குச் சொல்லியனுப்பினான் (ஆமோஸ் 7:10).

இத்தகைய நூலை வாசிக்கும்போது நோட்டில் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம்: இதில் உண்மை எது, அதற்காக நான் மனந்திரும்பவேண்டியது எது? மறுபக்கம்: ஆசிரியரின் எந்த முடிவோடு எனக்கு உடன்பாடில்லை, ஏன்? முதல் பக்கத்தை எழுதி முடிக்காமல் இரண்டாவதைத் தொடாதீர்கள். பிற மத நூல்களுக்கும், பகுத்தறிவுப் பிரசுரங்களுக்கும் இதே முறைதான்.

ஏழாம் படி: "கிறிஸ்தவப் புத்தகம்" என்ற முத்திரையை நம்பிவிடாதீர்கள்

என் அனுபவத்தில் விசுவாசிகளை அதிகம் வழிதவறச் செய்தவை நாத்திக நூல்கள் அல்ல. அட்டையில் சிலுவையோ புறாவோ போட்டு, கன்வென்ஷன் கூட்டப் பந்தல் வாசலில் விற்கப்படும் நூல்கள்தான். எச்சரிக்கையைக் கழற்றிவைத்துவிட்டு வாசிப்பதால் வரும் ஆபத்து அது. பெரோயா பட்டணத்தார் பவுலின் பேச்சையே "காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று" தினமும் வேதத்தில் ஆராய்ந்து பார்த்தார்கள். அதற்காக அவர்கள் நற்குணசாலிகள் என்று பெயர் வாங்கினார்கள் (அப்போஸ்தலர் 17:11).

எப்படி ஆராய்வது? ஆசிரியர் வசன எண் கொடுக்கும் இடத்திலெல்லாம் வேதாகமத்தைத் திறந்து, அந்த வசனத்தை மட்டுமல்ல, அதிகாரத்தையே வாசியுங்கள். எரேமியா 29:11ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டையாக நம் கைக்கு வரும். வேலை உயர்வுக்கும், வீசாவுக்கும், வீட்டுக் கடனுக்கும் அதை உரிமையாக்கிக்கொள்ளச் சொல்லும் புத்தகங்கள் நிறைய. ஆனால் அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய நிருபம். பத்தாம் வசனம் எழுபது வருஷம் என்கிறது. அந்தக் கடிதத்தைக் கேட்ட நாற்பது வயதுக்காரர் எவரும் ஊர் திரும்பியிருக்க வழியில்லை. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், உங்களைச் சிறைப்படுத்திய பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்கிறார் கர்த்தர். முந்தின அதிகாரத்தைப் பாருங்கள்: இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவரும் என்று சொன்னவன் அனனியா. அவன் சொன்னதுதான் எல்லாருக்கும் பிடித்திருக்கும். அவனைத்தான் எரேமியா பொய்யன் என்றார்.

இந்த வசனம் நமக்கு ஆறுதல் தரக்கூடாது என்று நான் சொல்லவரவில்லை. எழுபது வருஷத்தையும் சேர்த்து ஏற்றுக்கொள்கிறவருக்கு அது இன்னும் ஆழமான ஆறுதல்.

இன்னும் சிலவற்றைக் கவனியுங்கள். ஆசிரியரின் தரிசனமும் அனுபவமும் வேதத்துக்குச் சமமாக நிறுத்தப்படுகிறதா? சிலுவை எத்தனை பக்கத்தில் வருகிறது? கடைசி அதிகாரம் பணம் அனுப்பச் சொல்கிறதா? ஆசிரியர் எந்தச் சபை மரபிலிருந்து எழுதுகிறார்? லுத்தரன், தென்னிந்தியத் திருச்சபை, பெந்தெகொஸ்தே, கத்தோலிக்கம் என்று எந்த மரபானாலும் அது தெரிந்தால் அவர் எங்கே அழுத்துவார், எதை விட்டுவிடுவார் என்பது விளங்கும். ஒரே ஒரு தமிழ்ச் சொல்லின்மேல் பெரிய உபதேசம் கட்டப்பட்டிருந்தால் பழைய திருப்புதலையும் வேறொரு மொழிபெயர்ப்பையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பலமுறை அந்தக் கட்டடம் அங்கேயே சரிந்துவிடும்.

எட்டாம் படி: கூடி வாசியுங்கள்

எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் தனியாக ஏசாயாவை வாசித்துக்கொண்டிருந்தார். "நீர் வாசிக்கிறவைகளின் கருத்து உமக்குத் தெரியுமா" என்று பிலிப்பு கேட்டதும், "ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் அது எனக்கு எப்படித் தெரியும்" என்று அவரை ரதத்தில் ஏற்றிக்கொண்டார். மாதம் ஒரு புத்தகம், நாலைந்து பேர், ஒருவர் வீட்டு முன்னறை, தேநீர், இது போதும். உங்களோடு ஒத்துப்போகாத ஒருவராவது அதில் இருக்கட்டும். பிள்ளைகள் வாசிக்கும் புத்தகம் கவலை தருகிறதா? பிடுங்காமல் நீங்களும் அதையே வாசித்துவிட்டு இரவுச் சாப்பாட்டில் பேசுங்கள். உங்களுக்கு நேரமில்லையென்றால் தடை போடவும் உங்களுக்கு உரிமை குறைவு என்றே நினைக்கிறேன்.

புத்தகத்தை முடித்த அன்று நான் நோட்டில் தேதி போட்டு இரண்டு வரி எழுதுகிறேன்: இவரிடம் நான் கற்றது இது, இவரோடு நான் மாறுபடுவது இதில். ஆசிரியர் உயிரோடிருந்தால் அவர் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறேன், அவர் கர்த்தரை ஏற்றாலும் மறுத்தாலும். பிறகு, இரவல் வாங்கிய புத்தகம் என்றால், அந்த வாரத்திலேயே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்து, கொடுத்தவரிடம் அதைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்கிறேன்.